மருந்து ஆய்வில் சேர்ந்தபின் செய்யும் தவறுகள்

எனக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து 11 வருடம் ஆகிறது. இதுவரை இரண்டு மருந்து ஆய்வுகளில், அதாவது ட்ரையல்களில், இருந்திருக்கிறேன். இரண்டாவதை ஒழுங்காக முடித்தேன். முதலாவதைக் கெடுத்தேன். புதிதாகச் சேர்கிறவர்கள் சிலர் இப்போது என்னைத் தேடி வந்து பேசுகிறார்கள். போன மாதம் வந்தவர் சேர்ந்து இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. உட்கார்ந்ததும், "எனக்கு டம்மி மாத்திரைதான் கொடுக்கிறாங்க சார், எனக்கே தெரியுது" என்றார். இதையே 6 வருடத்துக்கு முன் நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் போனபிறகு அன்று முழுக்க மனசு சரியில்லை.

மாத்திரையை மறக்காதீர்கள், குறித்த நாளில் போங்கள், படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதையெல்லாம் ஆய்வின் ஒருங்கிணைப்பாளரே சொல்லிவிடுவார். அவர் சொன்னபிறகும் நாம் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"எனக்கு டம்மிதான்" என்று முடிவுகட்டுவது

என் முதல் ட்ரையல், பார்க்கின்சனுக்கு வழக்கமாக எடுக்கும் லெவோடோபா மருந்தோடு கூடுதலாக எடுக்கும் ஒரு மாத்திரைக்கானது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, அதாவது டம்மி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. பத்தாவது வாரம் வரை எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இப்போதெல்லாம் தானே சட்டைப் பொத்தான் போடுவதாகச் சொன்னார். அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன்: அவருக்கு மருந்து, எனக்கு டம்மி.

முடிவுகட்டியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மத்தியானத்தில் கை கால் இறுகும் நேரத்துக்கு லெவோடோபாவை அரை மாத்திரை கூட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நமக்குக் கொடுப்பது வெறும் மாத்திரைதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் உடம்பு தானாக நெளிய ஆரம்பித்தது. தோளும் கழுத்தும் நிற்காமல் ஆடும். லெவோடோபா கூடினால் வரும் டிஸ்கைனீசியா அது. அடுத்த முறை போனபோது டாக்டர் அதைப் பார்த்தார். நான் எடுக்கும் மாத்திரைகளில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அதனால் ஆய்வு மருந்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டு, அதன் அளவைக் குறைத்தார்.

ட்ரையல் முடிந்து, எல்லாருடைய தகவலையும் இனி மாற்ற முடியாதபடி பூட்டி, முடிவு வெளியான பிறகுதான் யார் எதை எடுத்தோம் என்று கடிதம் வந்தது. நான் எடுத்தது உண்மையான மருந்து. நானே வரவழைத்துக்கொண்ட ஆட்டம் அந்த மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. எனக்காகக் குறைத்த அளவால், அது முழு அளவில் என்ன செய்திருக்கும் என்பதும் என் விஷயத்தில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பவே சொல்லியிருந்தா எழுதி வச்சிருப்போம் சார். யாரும் திட்டியிருக்க மாட்டோம்" என்றார். உண்மைதான். விதிமீறல் என்று தேதியோடு எழுதியிருந்தால், கணக்குப் போடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போட்டிருப்பார்கள். மறைத்ததால்தான் பொய்யே தகவலாகப் பதிந்தது.

இந்த ஊகம் ஏன் தப்பாகிறது என்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். பார்க்கின்சனில் இந்தச் சிக்கல் ரொம்பவே அதிகம். நம் மூளையில் குறைந்துபோகும் டோபமின், ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதும் சுரக்கிற பொருள். 2001-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வெற்று மருந்து கொடுத்து, பெட் ஸ்கேனில் மூளையைப் பார்த்தார்கள். டோபமின் நிஜமாகவே சுரந்திருந்தது. ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் பொத்தான் போட்டது உண்மையாக இருக்கலாம். அவருக்குக் கிடைத்தது மருந்துதான் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அதே வருடம் இன்னொரு ஆய்வின் முடிவும் வந்தது. கருவின் நரம்புத் திசுவைப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைத்துப் பார்த்த ஆய்வு. பங்கேற்ற 40 பேரில் பாதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டார்கள், திசு வைக்கவில்லை. அந்த 40 பேரில் 30 பேரின் வாழ்க்கைத் தரத்தைத் தனியாக ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். திசு வைத்தார்களா இல்லையா என்பதைவிட, வைத்தார்கள் என்று நம்பினார்களா என்பதுதான் அதிக வித்தியாசம் காட்டியது. நம் ஊகம் நம் உடம்பையே மாற்றுகிறது என்றால், அந்த ஊகத்தை வைத்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

"எனக்கு நோய் கூடிக்கொண்டே போகிறது, அதனால் டம்மி" என்பதும் அதே தப்புக் கணக்கு. மறதி நோயான அல்சைமருக்கான லெகனெமாப் என்ற மருந்தின் பெரிய ஆய்வில் 1,795 பேர் இருந்தார்கள், 18 மாதம் நடந்தது. மருந்து எடுத்தவர்களுக்கும் நோய் கூடத்தான் செய்தது. மற்றவர்களைவிட 27 சதவீதம் மெதுவாகக் கூடியது, அவ்வளவுதான். நோயின் வேகத்தைக் குறைக்கிற மருந்து வேலை செய்கிறதா என்பதை ஒரு தனி மனிதரால் உள்ளிருந்து உணரவே முடியாது.

டம்மி கிடைத்தால் துரதிர்ஷ்டம் என்ற நினைப்பும் போக வேண்டும். பரம்பரையாக வரும் மூளை நோயான ஹன்டிங்டனுக்கான டொமினெர்சென் என்ற மருந்தின் மேல் அந்த நோயாளிகளின் குடும்பங்கள் எத்தனை நம்பிக்கை வைத்திருந்தன! 2021 மார்ச்சில் ஊசி போடுவதை நிறுத்தினார்கள். 8 வாரத்துக்கு ஒருமுறை மருந்து போட்டுக்கொண்டவர்களின் நிலை, வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட மோசமாகியிருந்தது.

ஊகம் வரத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். சக பங்கேற்பாளரோடு ஒப்பிடாதீர்கள். மாத்திரையை உடைத்து ருசி பார்க்காதீர்கள். தாங்க முடியாத அளவுக்கு நோய் கூடினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி வந்தால் என்ன செய்வது என்று ஆய்வுத் திட்டத்திலேயே வழி வைத்திருப்பார்கள். அவசரம் என்றால் யாருக்கு எது என்ற ரகசியத்தைத் திறந்து பார்க்கவும் ஏற்பாடு உண்டு. போன மாதம் வந்தவர் இன்னும் எதையும் கூட்டவில்லை, கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்தபடியே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட வைத்தேன்.

விலகுவதும் காணாமல் போவதும்

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அது உங்கள் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் மருந்தை நிறுத்துவது வேறு, ஆய்வை விட்டே போவது வேறு. இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை மட்டும் நிறுத்திவிட்டு, பரிசோதனைக்குத் தொடர்ந்து போக முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும். ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் போனை எடுக்காமல் மறைந்துவிட்டால், ஒத்துக்கொண்டவர்களின் கணக்கு மட்டும் மிஞ்சும். மருந்து, உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். நாளைக்கு அதை விழுங்கப்போவது நம்மைப் போன்ற இன்னொருவர். சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து என்பதையும் மறக்க வேண்டாம்.

டைரியைப் பரிசோதனைக்கு முந்தின நாள் இரவு நிரப்புவது

பார்க்கின்சன் ட்ரையலில் அரை மணிக்கு ஒருமுறை குறிக்கச் சொல்வார்கள்: மருந்து வேலை செய்கிறதா, அதன் வேகம் இறங்கிவிட்டதா, உடம்பு ஆடுகிறதா, தூங்கினீர்களா. சலிப்பான வேலைதான். ஆனால் மருந்தின் வேகம் இறங்கியிருக்கும் நேரம் எத்தனை மணி குறைந்தது என்பதை வைத்துத்தான் பல ட்ரையல்களின் வெற்றி தோல்வியே முடிவாகிறது. நாள்பட்ட வலி உள்ள 80 பேரை வைத்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. காகித டைரிக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள். டைரியில் இருந்ததைப் பார்த்தால் 90 சதவீதம் குறித்த நேரத்தில் எழுதியது. டைரி எப்போது திறக்கப்பட்டது என்று பார்த்தால் 11 சதவீதம்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, களைத்துப்போனவர்கள். விட்டுப்போன கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். நினைவிலிருந்து நிரப்பாதீர்கள்.

கேட்காவிட்டால் சொல்லாமல் இருப்பது

மூலிகை, சத்து மாத்திரை, தூக்க மாத்திரை, எதுவானாலும் சொல்லுங்கள். "இயற்கையானதுதானே" என்று பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பதே லெவோடோபா.

கூட வருகிறவரை மாற்றிக்கொண்டே இருப்பது

அல்சைமர் ட்ரையல்களில் இது முக்கியம். நோயாளி எப்படி இருக்கிறார் என்பதற்குக் கூட வருகிறவர் சொல்லும் பதிலும் மதிப்பெண்ணில் சேரும். இந்த முறை மகள், அடுத்த முறை மருமகன் என்று வந்தால், மாறியது நோயா, பார்க்கும் கண்ணா என்று சொல்ல முடியாது. கடைசிவரை வரக்கூடிய ஒருவரை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள்.

மருந்துக்குப் பணம் கேட்டால்

எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு ட்ரையல்

வேண்டவே வேண்டாம்.

முதலில் கிடைத்ததில் சேர்ந்துவிடுவது

ஒன்றில் சேர்ந்தால் இன்னொன்றின் கதவு மூடக்கூடும். மாத்திரை என்றால் சில வாரமோ மாதமோ இடைவெளி விட்டால் போதும். மரபணு சிகிச்சை அப்படி இல்லை. மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அதே வகை வைரஸில் பின்னால் இதைவிட நல்லது வந்தாலும் உங்களுக்குப் போட முடியாமல் போகலாம். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் போல நேரம் குறைவான நோயில் இதை யோசிக்கவே மனம் வராது, புரிகிறது. இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்: "இதில் சேர்ந்தால் எனக்கு எதெல்லாம் இல்லாமல் போகும்?"

முடிந்தபிறகு என்ன என்று கேட்காமல் இருப்பது

கடைசிப் பரிசோதனைக்கு அடுத்த நாள் மருந்து கிடைக்குமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். சில ட்ரையல்களில் எல்லாருக்கும் உண்மையான மருந்து கொடுத்துத் தொடர்வார்கள், சிலவற்றில் அன்றோடு நிறுத்திவிடுவார்கள். என் இரண்டாவது ட்ரையலில் மருந்து எனக்கு நன்றாகவே வேலை செய்ததாகத் தோன்றியது. கடைசி நாளில் மீதி மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அப்படித்தான் நடக்கும் என்று முன்பே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். அப்படியும் அந்த டப்பாவைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.