வேலி மாற்றுமுன் நிலத்தை அளக்க: மூலைக்கல் ஒன்று காணாமல் போனால்?

கல்லல் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் செம்மண் காடு. அப்பா வைத்த கிளுவை வேலி பாதி பட்டுப்போய், மீதியில் சீமைக்கருவேல் ஏறிவிட்டது. கல்தூண் ஊன்றி முள்கம்பி கட்டலாம் என்று பழைய வேலியோரமாகவே டேப்பைப் பிடித்து நடந்தேன். அதுதான் முதல் தப்பு. உயிர்வேலி வருஷா வருஷம் பக்கவாட்டில் பருக்கும். நாமும் அதை ஒட்டி உழாமல் உள்ளே தள்ளித்தான் ஏர் ஓட்டுவோம். எல்லை கல்லில் இருக்கிறது, வேலியில் இல்லை.

பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் பக்க அளவுகள் எழுதிய சர்வே வரைபடம்) இணையத்தில் எடுப்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். என் பட்டாவில் பரப்பு 0-40.50. அதாவது 0 ஹெக்டேர், 40.5 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), மொத்தம் 4,050 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அச்செடுத்த புலப்படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிரிண்டர் தாளுக்கு ஏற்ப படத்தைச் சுருக்கிவிடும். படத்தில் எழுதியிருக்கும் எண்களை மட்டும் நம்புங்கள்.

அளப்பதற்கு முதல் நாள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய், "அண்ணே, நாளைக்கு அளக்கப் போறேன், நீங்களும் கூட வந்து நில்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

டேப் ஃபைபரில் 100 மீட்டர் வாங்குங்கள். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், இழுத்தால் நீளும். போன் ஆப் அதைவிட மோசம். 75 மீட்டர் பக்கத்தில் ஒரு மீட்டர் பிசகினாலே கிட்டத்தட்ட 2 சென்ட் போய்விடும். புது டேப்பில் பூஜ்யம் வளையத்தின் நுனியிலா, கொஞ்சம் உள்ளேயா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கரைப் பக்கம் சரிவில் டேப்பை மண்ணோடு படுக்கவைக்காமல் மட்டமாகப் பிடித்துத் துண்டு துண்டாக அளக்க வேண்டும்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். மூலைகளை வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ, ஆ, இ மூன்றிலும் முள்ளை வெட்டி மண்ணைக் கிளறியதும் கல் கிடைத்தது. கண்மாய்ப் பக்கத்து ஈ மூலையில் கல்லே இல்லை. புலப்படத்தில் அ-விலிருந்து இ-க்குப் புள்ளிக்கோடு, 100 மீட்டர். அந்தக் கோட்டில் அ-விலிருந்து 48 மீட்டர் போய், செங்குத்தாக 36 மீட்டர் தள்ளினால் ஈ. சுலபம்தானே என்று கண்மட்டத்தில் செங்கோணம் பிடித்து முளை அடித்தேன். பிறகு இ-யிலிருந்து ஈ வரை அளந்தால் அரை மீட்டருக்கு மேல் இடிக்கிறது! கோணம் 1 டிகிரி தப்பினால் 36 மீட்டர் தள்ளி 63 சென்டிமீட்டர் விலகும், கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

கோணமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கொத்தனாரிடம் இன்னொரு டேப் இரவல் வாங்கி, அ-வில் ஒன்று, இ-யில் ஒன்று என இரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னேன். புலப்படப்படி அ-ஈ 60.0 மீட்டர், இ-ஈ 63.2 மீட்டர். இரண்டு டேப்பையும் அந்த அளவில் விறைப்பாக இழுத்து நகர்த்தினால், இரண்டு எண்ணும் ஒன்றையொன்று தொடும் புள்ளி ஒன்றுதான் வரும். (கோட்டுக்கு மறுபக்கமும் ஒன்று வரும், அது ஆ இருக்கும் பக்கம், குழம்ப வேண்டாம்.) அங்கே முளை.

நான்கு பக்கமும் சரியாக வந்ததே என்று அத்தோடு விட்டுவிடாதீர்கள். கயிற்றுக் கட்டில் சாய்வது மாதிரி, பக்க அளவு மாறாமலே நிலத்தின் வடிவம் சாயும். அதனால் மூலைவிட்டத்தை, அதாவது அ-இ தூரத்தை, அளந்தே தீர வேண்டும். பரப்பையும் சரிபார்த்தேன்: அ-இ கோட்டிலிருந்து ஆ பக்கம் செங்குத்து 45, ஈ பக்கம் 36, கூட்டினால் 81. அதை 100-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 4,050. பட்டாவோடு ஒத்துப்போனது.

கிடைத்த கல்லை அசைக்காதீர்கள். 1923-ஆம் ஆண்டு நில அளவைச் சட்டப்படி அதைப் பாதுகாப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. காணாமல் போன கல்லை நாமாக நடுவதும் கூடாது. என் முளை என் மனசுக்குத்தான். சர்வேயர் வந்து அத்து (எல்லை) காட்டக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தேன், அவர் காட்டிய பிறகே குழி தோண்டினோம். தூணை எல்லைக்கோட்டில் ஊன்றாமல், கயிறு கட்டி ஒரு அடி உள்ளே தள்ளி ஊன்றினேன்.

சுற்றளவு 258.4 மீட்டர், 848 அடி. 8 அடிக்கு ஒரு தூண் என்று மொத்தமாக வகுத்து 106 வாங்கினேன், ஒன்று குறைந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 25, 31, 26, 25, மொத்தம் 107. ஐந்து வரிசைக் கம்பிக்கு 1,292 மீட்டர், சுற்றிக் கட்டுவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். முள்கம்பியைக் கிலோவில்தான் விற்பார்கள், அந்தக் கனத்தில் கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: தேவகோட்டை நண்பர் ஒருவருக்குத் தாத்தா காலத்துப் படத்தில் எண்கள் ஒரேயடியாகப் பெரிதாக இருந்தனவாம். அது மீட்டர் இல்லை, லிங்க். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு. 0.201-ஆல் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும்.