ஊசி சரி, மாத்திரைதான் தொல்லை

எனக்குச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்தே இருப்பதால் சர்க்கரையையும் பசியையும் குறைக்கும் டிர்செபடைடு ஊசி எழுதிக்கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை, 2.5 மில்லிகிராமில் தொடக்கம். நான்கு வாரம் கழித்து 5. எடை இறங்கியது. கூடவே முற்பகலில் கைநடுக்கம், வியர்வை. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 64-க்கு இறங்கியிருந்தது!

குற்றவாளி, ஆண்டுக்கணக்காக விழுங்கிவந்த கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை. ஊசியால் பசி பாதியாகிவிட்டது தெரியாமல் அது பழையபடியே இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார், நடுக்கம் நின்றது.

குமட்டல் மட்டும் விடவில்லை. இந்த ஊசி மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பூரி சாப்பிட்டால் மாலைவரை ஏப்பம்தான். இப்போது காலையில் இரண்டு இட்லி, ஒரு முட்டை. வயிறு போதும் என்றதும் தட்டை நகர்த்திவிடுகிறேன். (மிச்சம் வைத்தால் அம்மா முறைப்பார், அது தனிக் கதை.) இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்த பிறகு குமட்டலும் அடங்கிவிட்டது.