எழுத்து வசப்படாத பிள்ளைக்குப் பாடசாலையில் உதவி பெறுவது எப்படி: வன்னிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தரம் 4இல் படிக்கும் ஒரு சிறுவன் தன் கொப்பியின் அட்டையில் ஊரின் பெயரைப் ‘புதுகுடிருபு’ என்று எழுதியிருந்தான். புதுக்குடியிருப்பு என்ற ஒன்பது எழுத்துச் சொல்லில் மூன்று எழுத்துகள் விடுபட்டிருந்தன. அவற்றில் இரண்டு புள்ளி வைத்த மெய்யெழுத்துகள். அந்த ஊரின் கடைகளும் குளக்கட்டும் குறுக்குப் பாதைகளும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். முன்னர் அவனுக்குக் கற்பித்த ஒருவர் அந்த அட்டையைப் பார்த்து ‘மொக்கு’ என்று சொன்னதை என்னிடம் கூறும்போது தாயின் குரல் கம்மிவிட்டது. நான் கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கங்களிலும் தவறு ஒரே வகையாக இருந்தது: சொல்லின் நடுவில் நிற்கும் மெய் விழுந்துவிடுகிறது. கவனக்குறைவால் வரும் தவறு இப்படி ஓர் ஒழுங்கில் வருவதில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில் இடர்ப்பாடு இருந்தது. அதை அதுவரை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் அரச பாடசாலைகளில் படிக்கும் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்காக, ஆரம்பப்பிரிவு ஆசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன். வைத்திய அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் எதையும் தொடங்கலாம் என்று காத்திருக்கும் குடும்பங்கள், பிள்ளையின் மிக முக்கியமான இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்துவிடுகின்றன. வகுப்பறை உதவியை இந்த வாரமே தொடங்கலாம். அறிக்கைக்கான அலைச்சல் அதற்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கட்டும்.

ஒரு மாதம் எழுதி வையுங்கள்

கற்றல் இடர்ப்பாடு என்பது அறிவுக்குறைவு அன்று. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ள பிள்ளை நன்றாகக் கதைக்கும், கேள்வி கேட்கும், கதையைக் கேட்டால் விளங்கிக்கொள்ளும். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இடத்தில் மட்டும் தடுமாறும். சில பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் எண்ணில் இருக்கும். வேறு சிலருக்குக் கையெழுத்தில், அல்லது ஓரிடத்தில் இருந்து கவனத்தைப் பிடித்துவைப்பதில். ஒரே பிள்ளையிடம் இவற்றில் இரண்டு சேர்ந்திருப்பதும் உண்டு.

ஒரு தனிக் கொப்பி எடுத்து, ஒரு மாதத்துக்குக் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். ‘வாசிக்கிறான் இல்லை’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘மாடு மேய்கிறது என்ற வரியைப் படத்தைப் பார்த்து மாடு நிக்குது என்று வாசித்தான், படத்தை மூடியவுடன் நின்றுவிட்டான்’ என்று எழுதினால், அவன் எழுத்தை வாசிக்கவில்லை, ஊகிக்கிறான் என்பது பார்ப்பவருக்கு உடனே தெரியும். தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. கொம்பு எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டாலும் ஒலி பின்னால்தான் வருகிறது. ‘கொ’ என்ற எழுத்திலோ ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் அரவும் நிற்கின்றன. காதில் கேட்ட ஒழுங்கில் எழுத முயலும் பிள்ளைக்குக் கொம்பு விடுபட்டுக் ‘கொடி’ ‘காடி’யாகிவிடும். குறிலும் நெடிலும் மாறுவது, ல, ள, ழ குழம்புவது, புள்ளி விழுவது போன்றவை தரம் 1, 2இல் எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படுபவை. தரம் 3 முடியும் வேளையிலும் அவை குறையாமல் நின்றால்தான் அக்கறைப்பட வேண்டும். வீட்டில் ‘நிக்கினம்’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘நிற்கின்றனர்’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. ஏனைய பிள்ளைகள் மெல்ல மெல்லத் தாண்டிவிடும் இந்த இடைவெளி, இடர்ப்பாடுள்ள பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

வன்னியில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரம்பப்பிரிவில் இன்று இருக்கும் பிள்ளைகள் 2009க்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் அவர்களுடைய பெற்றோரில் பலர் இடப்பெயர்வுக்கும் முகாமுக்கும் இடையில் படிப்பை விட்டவர்கள். “எனக்கும் எழுத்து ஓடாது ரீச்சர், இடம்பெயர்ந்து திரிஞ்சதில படிப்புப் போட்டுது” என்று ஒரு தந்தை சொன்னார். வாசிப்பு இடர்ப்பாடு குடும்பத்தில் தொடரக்கூடியது. இடப்பெயர்வுக்கு முன்னரே அவருக்கும் அந்தத் தடுமாற்றம் இருந்ததா என்று கேட்டபோது, நெடுநேரம் யோசித்துவிட்டு ஆம் என்றார். இதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதேபோல், வீட்டில் துயரமோ தகராறோ இருந்தாலும், பிள்ளை பல நாட்கள் பாடசாலைக்கு வராமல் இருந்திருந்தாலும் அதையும் சொல்லுங்கள்; படிப்பில் பின்தங்குவதற்கு அவையே போதிய காரணமாக இருக்கலாம்.

கண்ணும் காதும்

வேறு எதற்கும் முன்னர் இவை இரண்டையும் பரிசோதியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழமையாகத் தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடைபெறும். உங்கள் பிள்ளையின் முறை இன்னும் வரவில்லை என்றால் காத்திராமல், உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லிக் கண் கிளினிக்குக்குக் கடிதம் பெறுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடிந்த பிள்ளைக்குக் கேள்விக்குறைவு இருக்கலாம்; அது தெரியாமல் அந்தப் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று திட்டியிருப்போம்.

பாடசாலையில் பேசுவது

முதலில் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். வாசலில் நின்று இரண்டு நிமிடம் கதைக்காமல், நேரம் கேட்டு, பாடசாலை விட்ட பின் அமர்ந்து பேசுங்கள். “பிள்ளை எப்படி?” என்ற கேள்விக்குப் “பரவாயில்லை” என்ற பதில்தான் வரும். அதைவிட, அந்த வகுப்புக்குரிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளில், அதாவது அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் அடைய வேண்டிய திறன்களில், எவற்றைப் பிள்ளை அடைந்திருக்கிறது, எவற்றை அடையவில்லை என்று கேளுங்கள். ஆரம்பப்பிரிவு ஆசிரியர் இதைப் பதிவில் வைத்திருக்க வேண்டியவர். உங்கள் உரையாடலும் முறைப்பாடாக மாறாமல் பாடத்திலேயே நிற்கும்.

அடுத்து அதிபருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நீளம் தேவையில்லை: ‘தரம் 4இல் கற்கும் எனது மகன் வாய்மொழியாக நன்கு விடையளித்தும், வாசிப்பதிலும் எழுதுவதிலும் கடும் சிரமப்படுகிறார். அவரது கொப்பிகளின் பிரதிகளை இணைத்துள்ளேன். வகுப்பறையில் அவருக்கு வழங்கக்கூடிய உதவிகளைத் தீர்மானிக்கவும், விசேட கல்வி ஆசிரியர் அவரைப் பார்வையிடவும் ஒழுங்கு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ திகதியிட்டுக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். பின்னர் பரீட்சைச் சலுகைக்கு விண்ணப்பிக்கும்போது, இடர்ப்பாடு திடீரென்று சொல்லப்பட்டதன்று, ஆண்டுக்கணக்காகத் தொடர்வது என்பதைக் காட்ட இந்தப் பிரதி கைகொடுக்கும்.

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பாகிய விசேட கல்வி அலகு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. உங்கள் பாடசாலையில் இல்லாவிட்டால், வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரைச் சந்திக்க அதிபர் ஊடாக வழி கேளுங்கள். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற பரந்த வலயங்களில் அலகு உள்ள பாடசாலை தூரத்தில் இருக்கலாம். பஸ்ஸும் ஒழுங்காக இருப்பதில்லை. அப்படியானால் பிள்ளையை மாற்றுவதற்கு முன், இருக்கும் பாடசாலையிலேயே என்ன செய்யலாம் என்று முழுமையாகக் கேட்டுவிடுங்கள். அலகில் சேர்ப்பதானால், அங்கே எத்தனை மணி நேரம் இருப்பான், என்ன கற்பிப்பார்கள், எப்போது சாதாரண வகுப்புக்குத் திரும்புவான் என்ற மூன்றையும் கேளுங்கள். வாசிப்பில் மட்டும் இடர்ப்பாடுள்ள பிள்ளையை நாள் முழுவதும் அலகில் இருத்திவைப்பதை நான் ஏற்பதில்லை. கணிதத்தையும் சுற்றாடலையும் தன் வயதுப் பிள்ளைகளோடு கற்பது அவனுடைய உரிமை. இயலாமையைக் காரணமாகக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. அடிப்பதற்கும் இடமில்லை, உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடுத்திருக்கிறது. பேசியும் அடி நிற்காவிட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

வகுப்பறையில் கேட்கக்கூடியவை

இவற்றுக்குப் பணமும் தேவையில்லை, வைத்திய அறிக்கையும் தேவையில்லை. பிள்ளையை முன்வரிசையில், கதவுக்கும் யன்னலுக்கும் தள்ளி இருத்தலாம். கரும்பலகையில் உள்ள அனைத்தையும் பிரதி பண்ணச் சொல்லாமல், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுத விடலாம். சுற்றாடல் பாடத்தில் விடையை வாயால் கேட்டுப் புள்ளியிடலாம். ஏனெனில் அங்கே அளக்கப்படுவது அறிவு, எழுத்துக்கூட்டல் அன்று. எழுத்துப்பிழைகள் எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழிக்காமல், ஒரு கிழமைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தலாம். எண் இடர்ப்பாடு உள்ளவருக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி கொடுத்தால் ஒன்றும் பத்தும் நிரல் மாறாமல் நிற்கும். ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைக்குக் கொப்பிகளைச் சேர்த்துக் கொண்டுவரும் வேலையைக் கொடுத்தால் எழுந்து நடக்க நியாயமான காரணம் கிடைக்கும். முன்னறிவிப்பின்றி எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்வதை மட்டும் உறுதியாக நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிட வெட்கம் ஒரு பிள்ளையைப் பாடசாலைக்கே வரவிடாமல் செய்துவிடும்.

வைத்தியசாலைக்குப் போகும் நாள்

மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தை நலக் கிளினிக் அல்லது உளநலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். உளநலப் பிரிவு என்ற பெயரைக் கேட்டதும் சிலர் பின்வாங்குகிறார்கள். கற்றல் இடர்ப்பாடுகளையும் கவனக்குறைபாட்டையும் மதிப்பிடும் அறிவு உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து பேச்சுச் சிகிச்சையாளரிடமோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்கோ அனுப்பக்கூடும். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாட் சம்பளம். எனவே வெறுங்கையோடு போய்த் திரும்பி வரும்படி ஆகக்கூடாது: பிறப்புச் சான்றிதழின் பிரதி, சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, கடைசி மூன்று தவணைகளின் முன்னேற்ற அறிக்கைகள், தமிழ்க் கொப்பி ஒன்று, கணிதக் கொப்பி ஒன்று, வகுப்பாசிரியரின் கடிதம், நீங்கள் ஒரு மாதம் எழுதிய கொப்பி ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது, என்ன இடர்ப்பாடு, பாடசாலை என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாசிப்பு இடர்ப்பாட்டைத் தீர்க்கும் மருந்து எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி டொனிக் விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். கவனக்குறைபாட்டுக்கு மருந்து உண்டு, அதை விசேட வைத்திய நிபுணரே தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் பதினைந்து நிமிடம்

ரியூசனுக்கு மேல் ரியூசன் அனுப்புவது பெரும்பாலும் பிள்ளையைக் களைக்கவே செய்கிறது. வகுப்பில் விளங்காத அதே முறையில் மாலையிலும் கற்பிக்கிறார்கள். நான் அந்தச் சிறுவனுடன் செய்தது இதுதான். ஒரு தட்டில் புளியங்கொட்டைகளை வைத்து, ‘பட்டம்’ என்று மெதுவாகச் சொல்லி, கேட்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கொட்டை வைக்கச் சொன்னேன். அவன் மூன்று வைத்தான்: ப, ட, ம். மீண்டும் சொல்லி, ‘ட்’ வரும் இடத்தில் நாக்கு மேலே ஒட்டி நிற்பதைக் கவனிக்கச் சொன்னேன். இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டாவது கொட்டையைத் தள்ளி நடுவில் இன்னொன்றை வைத்தான். பிறகு கொட்டைகளுக்குக் கீழே மணலில் எழுத்துகளை எழுதினான். நாளுக்கு ஐந்து சொற்கள், அதற்கு மேல் இல்லை. எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இந்தக் கொட்டை விளையாட்டைச் செய்யலாம். ஒலியைக் கேட்கக் காது போதும். பாடப்புத்தகத்தை யாராவது வாசித்துத் தொலைபேசியில் பதிவு செய்து கொடுத்தால், வாசிப்பு பிந்தினாலும் பாட அறிவு பிந்தாது.

பரீட்சைகள்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், எழுத உதவுபவர் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். கோரிக்கையை அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கைகளுடன், விண்ணப்ப காலத்திலேயே அனுப்ப வேண்டும்; அனுமதி அட்டை வந்த பின் ஓடித்திரிவதில் பயனில்லை. ஆகவே முந்திய ஆண்டிலேயே அதிபருடன் பேசுங்கள். தவணைப் பரீட்சைகளிலும் அதே சலுகையை வழங்கச் சொல்லுங்கள். எழுத உதவுபவருக்கு விடை சொல்வது தனிப் பழக்கம்; தன் விடையைத் தானே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பிள்ளை மண்டபத்தில் திகைத்துப்போகும்.

வகுப்பேறும்போது

புதிய வகுப்பாசிரியருக்குப் பழைய கதை தெரியாது. பெரும்பாலும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இந்த இடத்தில்தான். ஆண்டின் முதல் வாரத்திலேயே ஒரு பக்கக் குறிப்பொன்றைக் கையில் கொடுங்கள். பிள்ளைக்கு நன்றாக வருவது என்ன, எங்கே தடுமாறும், சென்ற ஆண்டு எது உதவியது, எது உதவவில்லை என்பவை அதில் இருக்கட்டும். நன்றாக வருவதையே முதலில் எழுதுங்கள். அந்தச் சிறுவனுடைய குறிப்பின் முதல் வரியை அவனுடைய தாய் சொல்ல நான் எழுதினேன்: ‘சைக்கிள் செயினைத் தானே கழற்றிப் பூட்டுவார், சொல்லிக் கொடுத்ததை ஒருமுறை கையால் செய்துவிட்டால் மறக்கமாட்டார்.’