ஓடும் கேம்பரில் ஃப்ரிட்ஜின் குளிர்ச்சி குறையாமல் காப்பது எப்படி?

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் கேம்பர் டிரெய்லர்கள் பலவற்றில் கம்ப்ரசர் இல்லாத ஃப்ரிட்ஜே இருக்கிறது. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவை அடைக்கப்பட்ட அதன் குழாய்களின் அடியில் வெப்பம் கொடுத்தால்தான் உள்ளே குளிர்ச்சி பிறக்கும். அந்த வெப்பத்தைப் புரோப்பேன் சுடரிலிருந்தோ, 120 வோல்ட் மின்சாரத்திலிருந்தோ, சில மாடல்களில் 12 வோல்ட் மின்சாரத்திலிருந்தோ பெறலாம். பயணத்தின்போது பலரும் நம்புவது காரிலிருந்து வரும் இந்த 12 வோல்ட்டைத்தான். சிக்கல் எழுவதும் அதில்தான்.

12 வோல்ட்டில் இயங்கும்போது அந்த ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே குளிர்ந்திருப்பதைக் காக்குமே தவிர, சூடான பெட்டியைக் குளிர வைக்காது. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாளே அதை வீட்டு மின்சாரத்தில் இணைத்து நன்கு குளிரவிட்டு, வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பொருட்களையே அதற்குள் மாற்ற வேண்டும். உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டை உடன் வைப்பது நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வயர். இந்த ஃப்ரிட்ஜ் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் காரின் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் கொடுத்தாலும், மெல்லிய வயர் வழியாக டிரெய்லரின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் கணிசமான பகுதி வழியிலேயே வீணாகிவிடும். சூடேற்றும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10 வோல்ட் மட்டுமே கிடைத்தால் வெப்பத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, ஃப்ரிட்ஜையும் 12 வோல்ட்டில் இயக்கி, அதன் முனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். அளவு 12-க்குக் கீழே இருந்தால், கார் பேட்டரியிலிருந்து தடித்த தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் பொருத்துவதுதான் சரியான தீர்வு. இந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பவர்களே பிறகு ஃப்ரிட்ஜைக் குறை சொல்கிறார்கள்.

எஞ்சின் நின்றதும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயும் அவசியம். இல்லாவிட்டால் 10 ஆம்பியர் என்று கொண்டாலும் 8 மணி நேரத்தில் கார் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியர்-மணி மின்னூட்டம் போய்விடும், மறுநாள் கார் கிளம்பாது.

புரோப்பேன் சுடரை எரியவிட்டபடியே ஓட்டுபவர்களும் உண்டு. குளிர்ச்சி நன்றாகவே இருக்கும். ஆனால் காற்றில் சுடர் அணையலாம், பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன் மறக்காமல் அணைக்க வேண்டும், பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் புரோப்பேன் உருளைகளுக்கே கட்டுப்பாடு இருக்கிறது. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் இதைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால், அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலைகளில் பாதி இல்லை.

எந்த வகையானாலும் உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். வழியில் நிறுத்தும்போதெல்லாம் அதைப் பாருங்கள்: அளவு 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி இரண்டு மணி நேரம் கடந்திருந்தால், இறைச்சியையும் பாலையும் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும்.