லேஸ் சால்வை பின்னும்போது ஒரு காப்பு நூல்

லேஸ் சால்வையைத் தொடங்கிப் பாதியில் சுருட்டி வைத்தவர்களுக்கு இது. எங்கள் மட்டக்களப்பு வெக்கைக்குக் கம்பளி நூல் சரிவராது, கச்சான் காற்று வீசுற மாதங்களில் விரலெல்லாம் பிசுபிசுக்கும், மெல்லிய பருத்தி நூலே போதும்.

லேஸில் ஓட்டையை வேண்டுமென்றே விடுகிறோம்: நூலை ஊசியில் ஒரு சுற்றுப் போட்டால் ஒரு கண்ணி (ஊசியில் இருக்கிற நூல் வளையம்) கூடும், இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னினால் ஒன்று குறையும். ஒன்று தவறினாலும் கணக்குப் பிசகும், பிரிக்கப் போனால் கண்ணியெல்லாம் நழுவும். கரண்ட் போன ஒரு இரவில் நான் 40 வரிசையை இழந்தது அப்படித்தான். இப்போது ஒவ்வொரு பூ வரிசையும் முடிய, கண்ணிகளை எண்ணிப் பார்த்துச் சரியென்றால், வேறு நிறத் தையல் நூலை மொட்டை ஊசியில் கோர்த்து, பின்னல் ஊசியில் இருக்கிற அத்தனை கண்ணிக்குள்ளாலும் ஓட்டிவிடுகிறேன்; இதுதான் காப்பு நூல். அடுத்த வரிசையில் அதையும் சேர்த்துப் பின்னிவிடாதீர்கள். பிழை வந்தால் ஊசியை உருவிவிட்டு அந்த நூல் வரைக்கும் தைரியமாகப் பிரிக்கலாம்.

முடிந்ததும் கசங்கின சீலை மாதிரித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். நனைத்து, துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, பன்பாயின் மேல் வெள்ளைத் துணி போட்டு (பாயின் சாயம் ஏறிவிடும்), இழுத்து விரித்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவிடுங்கள். பூனையை மட்டும் அந்த அறைக்குள் விடாதீர்கள்.