வார்பரின் எடுப்பவரிடம் கீரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

கிளினிக்குக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வரும் மருந்தாளர் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ரத்தம் கட்டிபடாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின் குளிசையைப் பற்றி நோயாளிகளுக்குச் சொல்லும்போது எங்கள் காலத்துப் பிழைகளையே திரும்ப விடுகிறார்கள். பெயரைச் சரிபார், மில்லிகிராமைப் பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

கீரைத் தடை

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு அம்மா வருவார். இதயத்தில் செயற்கை வால்வு. கிளினிக் கொப்பியில் ஐ.என்.ஆர். (ரத்தம் கட்டிபட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் அளவு; கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டிபடும்) 2.8, 3 என்று மாதக்கணக்காக ஒழுங்காக நின்றது. புதுப் பிள்ளை ஒன்று, "அம்மா, இனிக் கீரையைத் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டது. அம்மாவும் முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அடுத்த முறை வந்தபோது முரசில் ரத்தம், அடிபடாமலே கையில் கண்டல். ஐ.என்.ஆர். 6ஐத் தாண்டியிருந்தது.

ரத்தம் கட்டிபட உதவும் புரதங்களான 2, 7, 9, 10ஆம் உறைதல் காரணிகளை ஈரல் செய்துமுடிக்க விற்றமின் கே வேண்டும். கீரையில் அது நிறைய உண்டு. ஒருமுறை பயன்பட்ட விற்றமின் கே மறுபடி பயன்படும் நிலைக்குத் திரும்புவதை வார்பரின் தடுக்கிறது. காரணிகள் அரைகுறையாகவே வெளிவரும், ரத்தம் இலகுவில் கட்டிபடாது. அம்மாவின் டோஸ், அவர் வழக்கமாகச் சாப்பிட்ட கீரையையும் சேர்த்துத்தான் சரிவந்திருந்தது. கீரை நின்றதும் அதே குளிசை அவருக்குக் கூடிப்போனது.

மறுபக்கமும் ஆபத்துத்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை, நாளாந்தம் கீரைக்கறி. ஐ.என்.ஆர். இறங்கும். வால்வில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஆகவே சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "எப்பவும் சாப்பிடுற அளவிலேயே சாப்பிடுங்கோ. விரதம் தொடங்க முன்னம் எங்களுக்குச் சொல்லுங்கோ."

இரண்டாம் நாளே பலன் தேடுவது

ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் காரணிகளை வார்பரின் அழிப்பதில்லை. 7ஆம் காரணி சில மணித்தியாலங்களில் குறையத் தொடங்கும், 2ஆம் காரணி குறைய நாட்கள் எடுக்கும். முழுப் பலன் தெரிய 5 நாளளவு செல்லும். புதிதாக ரத்தக்கட்டி பிடித்தவருக்கு அதுவரை ஹெப்பரின் ஊசியையும் சேர்த்துப் போடுவது இதனால்தான். அது உடனே வேலை செய்யும். ஊசி போடுகிறார்களே, குளிசை எதற்கு என்று கேட்பவருக்கு இதை விளங்கப்படுத்துங்கள்.

நோவுக் குளிசை

டைக்ளோபெனாக், இபுபுரோபன் கொடுக்கவே கூடாது.

தவறவிட்ட குளிசை

அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.

கர்ப்பம்

வார்பரின் சிசுவைப் பாதிக்கும். மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புங்கள். குளிசையைத் தானாக நிறுத்தவும் விடாதீர்கள்.