எண்ட்கேமில் காய்களை மட்டும் எண்ணிப் பார்க்காதீர்கள்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம், அதுதான் கடைசி. அப்போதைய சாம்பியன் டிங் லிரென், சவால்விட்ட குகேஷ் இருவருக்கும் தலா 6.5 புள்ளி. பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டுச் சில மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம், அதாவது எண்ட்கேம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2இல் வைத்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். அவருடைய பிஷப் (மூலைவாக்கில் நகரும் காய்) அப்போது ஏ8 மூலையில் நின்றது. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5க்குக் கொண்டுவந்தார். மூலையில் நின்ற பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதுவும் போனது. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஒரு ஜோடியை வெட்டினால் அடுத்த ஜோடியும் போகும், அதற்குப் பிறகு பலகை எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு கணம் அவர் பார்க்கவில்லை. உலக சாம்பியனுக்கே நேர்ந்தது இது. புதிதாக ஆடுபவர்கள் வெட்டுக்கு வெட்டு என்று இறங்கும் முன், கடைசியில் மிஞ்சப்போகும் காய்களை மனதில் அடுக்கிப் பார்த்தே ஆக வேண்டும். பாதி வழியில் நிறுத்தி மதிப்பிட்டால் அந்த மதிப்பீடு எதற்கும் உதவாது.

அடுத்த தவறு, புள்ளிக் கணக்கை நம்புவது. பிஷப்புக்கு 3, சிப்பாய்க்கு 1 என்று படித்திருப்போம். வெள்ளையிடம் வெள்ளைக் கட்டப் பிஷப்பும் எச் வரிசைச் சிப்பாயும் இருக்கின்றன, எதிரில் கறுப்பு ராஜா மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். நான்கு புள்ளி கூடுதல். ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம். கறுப்பு ராஜா அந்த மூலையைப் பிடித்துவிட்டால் பிஷப்பால் அதை அங்கிருந்து கிளப்பவே முடியாது. நெருக்கிக்கொண்டே போனால் ஸ்டேல்மேட்தான், அதாவது செக் இல்லாமலே நகர இடமின்றி டிரா. அதே பிஷப்போடு சிப்பாய் ஏ வரிசையில் இருந்தால் கதை வேறு, ஏ8 வெள்ளைக் கட்டம் என்பதால் வெற்றி கிடைக்கும். இரண்டு குதிரைகள் தனி ராஜாவுக்கு எதிராக ஆறு புள்ளி முன்னிலையில் இருந்தும் மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒருவரிடம் வெள்ளைக் கட்டப் பிஷப், மற்றவரிடம் கறுப்புக் கட்டப் பிஷப் என்றால் இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் பல சமயம் டிராதான்.

யார் முறை என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பலகையை எடுத்து இதை வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வேறு காய் இல்லை. கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. கறுப்பு ராஜா டி7க்கு ஒதுங்கினால் வெள்ளை ராஜா எஃப்6இல் நுழையும், எஃப்7க்கு ஒதுங்கினால் டி6இல் நுழையும். வெள்ளையின் முறை என்றால் டிரா. வெள்ளை எந்தப் பக்கம் போனாலும் கறுப்பு ராஜா எதிரில் வந்து நிற்கும். காய்களும் கட்டங்களும் அவையேதான், முறை மட்டும் மாறியிருக்கிறது. ராஜாக்கள் இப்படி ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்பதைத்தான் ஆப்போசிஷன் என்கிறோம்.

இப்போது சிப்பாயை மட்டும் இ3க்குப் பின்தள்ளுங்கள். யார் முறையானாலும் வெள்ளைக்கு வெற்றி! தன் முறை வந்தால் இ4 என்று ஒரு அடி வைத்து முறையைக் கறுப்பின் தலையில் கட்டிவிடலாம். சிப்பாயை முதலில் ஓடவிடும் பிள்ளைகள் இந்த ஒரு அடியைத்தான் வீணாக்குகிறார்கள். ராஜா முன்னால் போகட்டும், சிப்பாய் பின்னால் வரட்டும்.

ராஜாவின் தூரத்தையும் கண்ணளவில் தீர்மானிக்கக் கூடாது. ரிச்சர்ட் ரெட்டி 1921இல் அமைத்த நிலை இது: வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளையின் முறை. எச் சிப்பாயை எட்டிப் பிடிக்க முடியாது, சொந்தச் சிப்பாயும் வெகுதூரம். தோல்வி என்றே எவரும் சொல்வார்கள். ஆனால் ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாக்கில் இறங்கும்போது இரண்டு சிப்பாய்களையும் ஒரே நேரத்தில் நெருங்குகிறது. கறுப்பு சி6ஐ வெட்டினால் எஃப்4 வழியாகப் போய் எச் சிப்பாயைப் பிடித்துவிடும். கறுப்புச் சிப்பாய் ஓடினால் டி6க்கு வந்து தன் சிப்பாயை ராணியாக்கிவிடும். டிரா. முதல்முறை இதைப் பலகையில் ஆடிப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நம்ப முடியாமல் மூன்று முறை திரும்ப வைத்துப் பார்த்தேன்.

யானை எண்ட்கேமில் சிப்பாயைக் காக்க யானையை மூலையில் கட்டிப்போடுவது இன்னொரு தவறு. 1924 நியூயார்க் போட்டியில் டார்டகோவருக்கு எதிராக அப்போதைய உலக சாம்பியன் கபாபிளாங்கா சிப்பாய்களை விட்டுக்கொடுத்து, செக் வாங்கிக்கொண்டே தன் ராஜாவை எஃப்6 வரை நடத்திச் சென்று ஜெயித்தார். சிப்பாய்க் கணக்கில் பின்தங்கியிருந்தாலும் யானையும் ராஜாவும் சுறுசுறுப்பாக இருந்தன.

யார் முன்னிலை என்று எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) காட்டும் எண்ணை உடனே பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரையுள்ள நிலைகளுக்கு டேபிள்பேஸ், அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த விடைத் தொகுப்பு, துல்லியமான விடை சொல்லும், லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் முதலில் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று நோட்டில் எழுதுங்கள், காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். அதற்குப் பிறகு திறந்து பாருங்கள்.